கல் கொத்தியவர் அந்தச் சபையிலேயே அமர்ந்தார்

(திருப்பூரில் கட்டடத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்தத் திருப்பூரில் எந்த ரோட்டில் நடந்தாலும் புதுக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. அவினாசி ரோடு, பல்லடம் ரோடு, காங்கயம் ரோடு, தாராபுரம் ரோடு என்று எங்கு பார்த்தாலும் பனியன் கம்பெனிகள், கிடங்குகள், சாயப்பட்டறைகள், லைன் வீடுகள். இவற்றுக்கு வானம் தோண்டியவர் யார்? கம்பி கட்டியவர், சென்ட்ரிங் அடித்தவர், சாரத்தில் நின்று பூசியவர், கலவைச் சட்டியைத் தலையில் சுமந்து மூன்று மாடி ஏறியவர் யார்? இங்கே உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான். ஆனால் திறப்பு விழாக் கல்வெட்டைப் படித்துப் பாருங்கள். முதலாளியின் பெயர் இருக்கும். விளக்கேற்றி வைத்த பிரமுகரின் பெயர் இருக்கும். கொத்தனாரின் பெயரும் சித்தாளின் பெயரும் இராது.

உங்களில் பெரும்பாலோர் இந்த ஊரில் பிறந்தவர்கள் அல்ல. மழை பொய்த்தபோது மதுரைப் பக்கமிருந்தும், தேனியிலிருந்தும், சிவகங்கையிலிருந்தும், தஞ்சைத் தரணியிலிருந்தும் வந்தவர்கள். இன்று உங்கள் பக்கத்திலேயே ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த தோழர்களும் கரணை பிடிக்கிறார்கள். பிழைக்க வந்தவன் வேலை செய்யலாம், கூலி வாங்கலாம். ஆனால் ஊர் விவகாரத்தில் அவனுக்கு என்ன வாய் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாக, பிழைக்கப் போன ஊரில் கல் கொத்திய ஒரு தொழிலாளியின் வாழ்க்கையை இன்று உங்கள் முன் வைக்கிறோம். அவர் கல் கொத்தியது அந்த ராஜ்யத்தின் சட்டசபைக் கட்டடத்துக்கு. பின்னர் அதே சபையில் அவர் முதன்மந்திரியாக அமர்ந்தார். அவர் பெயர் தாமஸ் பிரைஸ்.

பிரைஸ் 1852 ஜனவரி 19-ல் பிரிட்டனின் வேல்ஸ் நாட்டில் பிரிம்போ என்ற ஊரில் பிறந்தார். நிலக்கரியும் இரும்பும் எடுக்கும் வட்டாரம் அது. தகப்பனார் கல்தச்சர். ஏழு பிள்ளைகளில் இவர் மூத்தவர். பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் லிவர்பூல் துறைமுக நகருக்குப் பிழைக்க வந்துவிட்டது. ஏழைகளுக்கான பள்ளியில் கொஞ்சம் எழுதப் படிக்கக் கற்றதோடு சரி. சிறு வயதிலேயே தகப்பனாரோடு உளியும் சுத்தியும் எடுத்துக் கல் வேலைக்குப் போனார். ஆனால் படிப்பை விட்டுவிடவில்லை. மாலை நேரங்களில் படித்தார். மெதடிஸ்ட் சபையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். மதுவைத் தொடாதவர். மது எதிர்ப்பு இயக்கத்தில் முன்னின்றவர்.

கல் தூள் நுரையீரலில் படிந்து ஆளை அரிக்கும் நோயைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கிரானைட் பட்டறையில் வேலை செய்யும் தோழர்கள் அதை நன்கு அறிவார்கள். பிரைசும் உடல்நலம் குன்றித்தான், மனைவியோடும் கைக்குழந்தையோடும் 1883-ல் ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் உள்ள அடிலெய்டு நகரில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 31. தெற்கு ஆஸ்திரேலியா அன்று பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் தனிச் சட்டசபை கொண்ட குடியேற்ற நாடு.

அந்த நாட்களில் அடிலெய்டில் புதிய பார்லிமெண்டுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கபுண்டாவில் வெட்டிய சலவைக்கல்லும் கருங்கல்லும் கொண்டு கட்டிய கட்டடம். பிரைஸ் அங்கே கல்தச்சராக வேலைக்கு அமர்ந்தார். 1889-ல் கட்டடத்தின் மேற்குப் பகுதி முடிந்து திறப்பு விழா நடந்தது. கீழ்ச்சபை அங்கே குடியேறியது. கல் கொத்தியவர்கள் கூலி வாங்கிக்கொண்டு அடுத்த வேலை தேடிப் போனார்கள்.

இதுவரை நமக்குப் பழகிய கதைதான். இனிமேல் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. 1891-ல் பிரைஸ் கல்தச்சர், கொத்தனார் சங்கத்தின் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டில் அங்குள்ள தொழிற்சங்கங்கள் கூடி ஐக்கிய தொழிலாளர் கட்சியை அமைத்தன. 1893-ல் பிரைஸ் ஸ்டர்ட் தொகுதியில் நின்று வென்று சட்டசபைக்குப் போனார். கட்டடம் திறந்து நான்கே ஆண்டுகள்! 1899-ல் சட்டசபையில் அந்தக் கட்சியின் தலைவரானார். 1905 ஜூலை 26-ல் முதன்மந்திரியானார்.

இதை முதலாளிகளின் பத்திரிகை எப்படி எழுதும்? உழைத்தால் உயரலாம், திறமை இருந்தால் கொத்தனாரும் மந்திரியாகலாம், ஆகவே வாயை மூடிக்கொண்டு வேலையைப் பாருங்கள் என்று எழுதும். தோழர்களே, நாம் அந்தப் பொய்யை ஏற்கவில்லை. பிரைசைப் போலத் திறமையுள்ள கல்தச்சர்கள் லிவர்பூலில் எத்தனை பேர் தூளை விழுங்கி மடிந்தார்கள்! அவர்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு இவருக்கு எப்படிக் கிடைத்தது? மூன்று காரணங்கள்.

முதலாவது, வேலை செய்யும் ஊரிலேயே ஓட்டு. தெற்கு ஆஸ்திரேலியாவில் கீழ்ச்சபைக்கு 1856 முதலே வயது வந்த ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு இருந்தது. நிலம் வேண்டியதில்லை, சொந்த வீடு வேண்டியதில்லை. 1894-ல் பெண்களுக்கும் ஓட்டும், தேர்தலில் நிற்கும் உரிமையும் சேர்த்தே கிடைத்தன. அந்த மசோதா 31-க்கு 14 என்ற கணக்கில் நிறைவேறிய கீழ்ச்சபையில் பிரைஸ் அங்கத்தினராக இருந்தார். தொழிலாளர் கட்சி அதை ஆதரித்தது.

இரண்டாவது, சட்டசபை அங்கத்தினருக்குச் சம்பளம். 1887 முதல் அங்கே அங்கத்தினருக்கு ஆண்டுக்கு 200 பவுன் கொடுக்கப்பட்டது. இது சிறிய விஷயம் என்று எண்ண வேண்டாம். சம்பளமில்லாத சட்டசபைக்கு யார் போக முடியும்? வாடகை வருகிறவனும் வட்டி வருகிறவனும் போவான். அன்றாடம் கூலி வாங்கி அரிசி வாங்குகிறவன் எப்படிப் போவான்? ஜனநாயகத்தின் தாயகம் என்று பெருமை பேசும் பிரிட்டனிலேயே 1911-ல்தான் பார்லிமெண்டு அங்கத்தினருக்குச் சம்பளம் வந்தது.

மூன்றாவதுதான் முதன்மையானது. அதுதான் சங்கம். கட்டடத் தொழிலாளி என்றால் சிதறிக் கிடப்பவன், இன்று ஓர் இடம் நாளை ஓர் இடம், அவனைத் திரட்ட முடியாது என்று சொல்வார்கள். ஆனால் உலகத் தொழிலாளர் சரித்திரம் என்ன சொல்கிறது? 1856 ஏப்ரல் 21-ல், மெல்பர்ன் நகரில் பல்கலைக்கழகக் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த கல்தச்சர்கள் உளியைக் கீழே வைத்துவிட்டு அங்கு எழும்பிக்கொண்டிருந்த பார்லிமெண்டு கட்டடத்துக்கு ஊர்வலமாகப் போனார்கள். நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை, கூலியில் ஒரு காசு குறையக் கூடாது என்பது கோரிக்கை. வென்றார்கள். அந்த ஊர்வலத்தின் தலைவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஸ்டீபன்ஸ். அவரும் வேல்ஸிலிருந்து பிழைக்க வந்த கல்தச்சர். பிரிட்டனில் எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்று போராடிய சாசன இயக்கத்தில் பழகியவர். 1923 மே முதல் நாளில் தோழர் சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினாரே, அந்த மே தினத்தின் கோரிக்கைக்காக அதற்கு வெகு காலம் முன்பே களம் இறங்கியவர்கள் கல்தச்சர்களும் கொத்தனார்களுமே. பிரைஸ் அடிலெய்டில் வந்து இறங்கியபோது, அவருக்கு முன்னே வந்தவர்கள் போட்ட அந்தப் பாதை தயாராக இருந்தது.

சரி, முதன்மந்திரியாகி என்ன செய்தார்? பதவியால் மயங்கிப் போனாரா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1905 தேர்தலில் 42 இடங்களில் தொழிலாளர் கட்சிக்குக் கிடைத்தவை 15. ஆகவே ஆர்ச்சிபால்ட் பீக் தலைமையிலான லிபரல்களோடு சேர்ந்துதான் மந்திரிசபை அமைத்தார். அதற்கு முன் 1899-ல் குவீன்ஸ்லாந்தில் அமைந்த தொழிலாளர் மந்திரிசபை ஒரு வாரத்தில் விழுந்தது. 1904-ல் ஆஸ்திரேலியா முழுமைக்குமாக அமைந்தது நான்கு மாதத்தில் விழுந்தது. பிரைசின் மந்திரிசபையோ ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் நின்றது.

தனியார் கம்பெனிகளின் கையிலிருந்த குதிரை டிராம்கள் பொதுச் சொத்தாக்கப்பட்டன. 1909 மார்ச்சில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1908-ல் அடிலெய்டில் அரசாங்க உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. பென்னிப் பள்ளிக்கு மேல் படிக்க வழியில்லாத கல்தச்சரே கல்வி மந்திரிப் பொறுப்பையும் வகித்தார். குறைந்த கூலிக்கு ஆளைப் பிழிந்தெடுக்கும் தொழில்களில், தொழிலாளர் பிரதிநிதியும் முதலாளி பிரதிநிதியும் உட்கார்ந்து கூலி நிர்ணயிக்கும் சம்பள போர்டுகள் வலுப்பெற்றன. பீஸ் ரேட்டில் காஜா பட்டன் தைக்கும் சகோதரிகளுக்கு இதன் அருமை புரியும்.

ஆனால் தோழர்களே, அவர் கட்டிய சபைக்குப் பக்கத்திலேயே ஒரு சுவர் இருந்தது. அதை அவரால் இடிக்க முடியவில்லை. மேல்சபையைத்தான் சொல்கிறோம். அது புதுக் கட்டடத்துக்கு வரவே இல்லை. பக்கத்திலிருந்த பழைய கட்டடத்திலேயே 1939 வரை உட்கார்ந்திருந்தது. அந்தச் சபைக்கு ஓட்டுப் போடச் சொத்து வேண்டும், அல்லது ஆண்டுக்கு 25 பவுன் வாடகை கொடுக்கும் வீட்டில் குடியிருக்க வேண்டும். கீழ்ச்சபையில் தொழிலாளியின் பிரதிநிதி எழுப்பும் கல்லை மேல்சபையில் சொத்துக்காரன் பெயர்த்துப் போடுவான். பிரைஸ் அந்த வரம்பை 15 பவுனாகக் குறைக்க மசோதா கொண்டுவந்தார். மேல்சபை நிராகரித்தது. 1906-ல் சட்டசபையைக் கலைத்து ஜனங்களிடமே போனார். தொழிலாளர் கட்சியின் பலம் 15-லிருந்து 20 ஆக உயர்ந்தது. ஆனாலும் சொத்துக்காரர்கள் மசியவில்லை. கடைசியில் 17 பவுன் என்று சமரசத்தில் முடிந்தது. அந்தச் சபைக்கு எல்லோருக்கும் ஓட்டு வர 1973 வரை காத்திருக்க நேர்ந்தது! மந்திரி நாற்காலி கிடைத்துவிட்டால் அதிகாரம் முழுவதும் கிடைத்துவிடும் என்று எண்ணுகிறவர்கள் இந்தச் சரித்திரத்தை ஒரு முறைக்கு இரு முறை படிக்க வேண்டும்.

பிரைஸ் பதவியில் இருக்கும்போதே 1909 மே 31-ல், 57-வது வயதில் காலமானார். கூட்டாளியான பீக், தொழிலாளர் கட்சியை வெளியே தள்ளிவிட்டுத் தானே மந்திரிசபை அமைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டே ஜனங்கள் பதில் சொன்னார்கள். 1910 தேர்தலில் தொழிலாளர் கட்சி தனித்தே பெரும்பான்மை பெற்றது. முதன்மந்திரியானவர் ஜான் வெரான். இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்து, தாமிரச் சுரங்கத்தில் வேலை செய்தவர்.

இத்தோடு கதையை முடித்துக் கைதட்டிவிட்டுப் போகலாம். ஆனால் உண்மையின் மறுபாதியையும் சொல்லத்தான் வேண்டும். அடிலெய்டு நகரம் நின்ற பூமி கவுர்னா என்ற பூர்வகுடி மக்களின் பூமி. அவர்களிடமிருந்து பறித்த மண்ணில்தான் அந்தச் சபை எழும்பியது. பிழைக்க வந்த பிரிட்டிஷ் தொழிலாளிக்குக் கதவு திறந்தது. ஆனால் ஆசியாவிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளிக்கு? 1901-ல் ஆஸ்திரேலியப் பார்லிமெண்டு குடியேற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. கப்பலில் வந்து இறங்குகிறவனிடம் ஐம்பது வார்த்தைகளை ஓர் ஐரோப்பிய மொழியில் சொல்லி, எழுது என்பார்கள். எழுத முடியாதபடி மொழியைத் தேர்ந்தெடுப்பதும் அதிகாரிகளே. 1902-ல் வந்த ஓட்டுரிமைச் சட்டம், ஏற்கனவே ஏதேனும் ஒரு ராஜ்யத்தில் ஓட்டுரிமை பெற்றவர்களைத் தவிர, ஆசியாவின் மக்களையும் அந்நாட்டுப் பூர்வகுடிகளையும் விலக்கி வைத்தது. பிரைஸ் முதன்மந்திரியான அதே 1905-ல், ஆஸ்திரேலியத் தொழிலாளர் கட்சி இனத் தூய்மையைக் காப்பதைத் தன் லட்சியத்திலேயே எழுதி வைத்தது.

மலிவான கூலிக்கு ஆள் வந்தால் நம் கூலி குறையும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். கூலியைக் குறைக்கிறவன் யார்? கப்பலில் வந்த ஏழையா, அவனைக் குறைந்த கூலிக்கு அமர்த்திய முதலாளியா? முதலாளியோடு மோத வேண்டிய இடத்தில் பக்கத்துத் தொழிலாளியின் முகத்தில் கதவைச் சாத்தினார்கள். நேற்று வந்தவன் இன்று வருகிறவனைத் துரத்தினான். நம்மில் ஒருவர் அன்று அடிலெய்டு துறைமுகத்தில் போய் இறங்கியிருந்தால், அந்தச் சட்டத்தின் முன் அந்தக் கல்தச்சரின் சங்கமும் நம்மைக் கைகொடுத்துத் தூக்கியிராது.

இதை ஏன் இங்கே, திருப்பூரில் வைத்துச் சொல்கிறோம்? 2023 பிப்ரவரி, மார்ச்சில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. ஆயிரம் மைலுக்கு அப்பால் தாய்மார்கள் அலறினார்கள். இங்கே தொழிலாளர்கள் பயந்து மூட்டை கட்டினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் இதே திருப்பூருக்கு வந்து நேரில் விசாரித்துவிட்டுப் போனார்கள். பரவியது பொய்தான். ஆனால் ஒரு பொய் இவ்வளவு வேகமாகப் பற்றிக்கொண்டது என்றால், இந்திக்காரன் வந்துதான் நம் கூலி போச்சு என்று டீக்கடையில் பேசுகிற பேச்சும் அதற்கு விறகாயிற்று என்பதை நாம் உணர வேண்டும். மதுரையிலிருந்து வந்தவனைப் பார்த்து முப்பது வருஷத்துக்கு முன் இதே பேச்சுப் பேசப்படவில்லையா?

கொடி காத்த குமரனை இந்த ஊர் தன் பெயராகவே வைத்துக்கொண்டிருக்கிறது. அவர் பிறந்தது சென்னிமலையில், நெசவாளர் குடும்பத்தில். பிழைப்புக்காகத்தான் திருப்பூருக்கு வந்தார். 1932 ஜனவரியில் தடியடிபட்டு 11-ம் நாள் உயிர் நீத்தார். அவரை வெளியூர்க்காரர் என்று சொல்ல இன்று யாருக்காவது நா எழுமா? 1984-ல் பஞ்சப்படிக்காகப் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்று யார் எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டிருந்தால் நாலு நாள் தாங்கியிருக்குமா?

ஆகவே இந்தக் கல்தச்சரின் வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

ஒன்று, ஓட்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொந்த வீடு வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், வழக்கமாக வசிக்கும் இடத்தில் பெயர் சேர்க்கலாம் என்கிறது. வீடு சொந்தமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒருவன் அங்கு வசிப்பவனாகிவிட மாட்டான் என்றும் அதே சட்டம் சொல்கிறது. லைன் வீட்டில் குடியிருப்பவனுக்கும் மாளிகையில் இருப்பவனுக்கும் ஒரே உரிமை. ஆனால் நடப்பது என்ன? பெயர் ஊரில் இருக்கிறது, ஆள் இங்கே இருக்கிறான். ஓட்டுப் பதிவு நாளில் போய்வரக் காசும் இல்லை, லீவும் இல்லை. 2023 ஜனவரியில் தேர்தல் கமிஷன், வெளியூரிலிருந்தே ஓட்டுப் போடும் இயந்திரம் ஒன்றைக் கட்சிகளுக்குக் காட்ட முன்வந்தது. சந்தேகங்கள் பல எழுந்தன, திட்டம் அப்படியே நின்றது. 2025-ல் பீகாரில் பட்டியலைத் திருத்தினார்கள். ஆகஸ்டு 1-ல் வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்பது. பிழைக்கப் போனவனுக்கு அங்கேயும் பெயர் இல்லை, இங்கேயும் பெயர் இல்லை என்றால், அவன் எந்தத் தேசத்துப் பிரஜை? இரண்டில் ஓர் இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். இல்லையென்றால் சங்கத்துக்கு வாருங்கள்.

இரண்டு, வாரியம். 1982-ல் தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1994-ல் கட்டடத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. 1996-ல் மத்தியச் சட்டம் வந்து, கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு பங்குக்குக் குறையாமல் தொழிலாளர் நலனுக்கு வரி வாங்க வழி செய்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டங்கள் புதிய தொகுப்புச் சட்டங்களுக்குள் அடக்கப்பட்டுவிட்டன. வாரியமும் வரியும் அவற்றிலும் இடம்பெற்றிருக்கின்றன. எழுத்தில் இருப்பதை நடைமுறையில் வாங்கித் தருவது சங்கத்தின் பலம் ஒன்றே. சாரத்திலிருந்து ஒருவர் விழுந்த பிறகு, அட்டை போட்டிருந்தாரா என்று விசாரிப்பதில் என்ன பயன்? ஒடிசாத் தோழருக்கும் அட்டை போடுங்கள். அவருக்கு மொழி தெரியாவிட்டால் உங்களில் ஒருவர் கூடப் போங்கள்.

மூன்று, பிரதிநிதித்துவம். இன்று சட்டசபை அங்கத்தினருக்குச் சம்பளம் இருக்கிறது. பிரைசின் காலத்துத் தடை நீங்கிவிட்டதாகத் தோன்றும். ஆனால் ஒரு சட்டசபை அபேட்சகர் தேர்தலில் செலவிடலாம் என்று 2022-ல் வைத்த வரம்பு எவ்வளவு தெரியுமா? 40 லட்சம் ரூபாய்! எந்தக் கொத்தனார் எத்தனை ஜென்மம் கலவை குழைத்தால் இதைச் சேர்க்க முடியும்? மேல்சபைக்கு 25 பவுன் வாடகை கேட்ட அந்தப் பழைய சுவர் இங்கே வேறு உருவத்தில் நிற்கிறது. பணத்தைப் பணத்தால் வெல்ல நம்மால் ஆகாது. தலைக்குப் பத்து ரூபாய் சந்தா தரும் ஆயிரக்கணக்கான கைகளால்தான் ஒரு தொழிலாளியை நிறுத்தவும் ஜெயிக்க வைக்கவும் முடியும். வார்டு தேர்தலிலிருந்தே அதைத் தொடங்கலாம்.

தோழர்களே! பிரைஸ் ஒரு மகானல்ல. அவர் வழியில் எல்லாமே சரி என்றும் நாம் சொல்லவில்லை. ஆனால் உளி பிடித்த கை சட்டம் எழுதும் கையாக முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கை சாட்சி. அந்தக் கதவு தனக்குப் பின்னால் வருகிறவனுக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற பாடத்தை அவருடைய இயக்கம் கற்கவில்லை. அதை நாம் கற்றுக்கொள்வோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் உங்கள் வேலைத்தளத்திலிருந்து ஒரு புதுத் தோழரை, அவர் மதுரையிலிருந்து வந்திருந்தாலும் சரி, மயூர்பஞ்சிலிருந்து வந்திருந்தாலும் சரி, கையோடு அழைத்து வாருங்கள்!